ஜேக்கப்பும் பீட்டரும்

முப்பது வருஷம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கிராமத்துச் சாலைகளில் வீடு வீடாகத் தபால் போட்டவள் வெர்லீன் ஸ்டக்கர். ஓய்வு பெற்றதும் செத்துப்போனவர்களைத் தேடத் தொடங்கினாள். முதலில் தேடியது ஜேக்கப் ஸ்டக்கரை. 1791இல் எல்லைப்புறப் படையில் சேர்ந்து ஷானி என்ற பழங்குடி மக்களை எதிர்த்துப் போரிட்ட மூதாதை.

பெரியப்பா மகன் டேல், ஆகஸ்டில் குடும்பம் கூடும்போது அவர் பெயரில் கல் நடுவதாக இருந்தான்.

"பன்னெண்டு பேரைச் சுட்டாருன்னு கல்லுல வெட்டப்போறேன். ஆதாரம் மட்டும் கொண்டா."

"பன்னெண்டுன்னு யாரு எண்ணினது?"

"எங்கப்பா சொன்னாரு."

"உங்கப்பா பிடிச்ச மீனும் வருஷா வருஷம் வளரும்."

ஆதாரம் ஒரு பழைய தேவாலயப் பதிவேட்டில் கிடைத்தது. கிழவரான ஜேக்கப் சொல்ல, போதகர் எழுதி வைத்திருந்தார். ஆற்றங்கரைச் சண்டையில் ஜேக்கப் ஒருவனைக் குறிபார்த்தபோது, அவன் ஸ்டக்கர் வீட்டில் பேசும் ஜெர்மன் மொழியில் அவரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். ஆறு வயதில் சோளக்கொல்லையிலிருந்து ஷானிகள் தூக்கிப்போய் வளர்த்த தம்பி பீட்டர்தான் அவன். 'நான் சுடவில்லை' என்று முடிந்திருந்தது.

வெர்லீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி என்ன ஆனான்? ஷானி மக்கள் இப்போது வாழும் ஓக்லஹோமாவில் அவர்களுடைய அலுவலகத்துக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்து நாடீன் என்ற பெண் போனில் வந்தாள். பீட்டரின் வழியில் வந்தவள்.

"சுடாம விட்டது எங்க ஆளுதாங்க," என்றாள் நாடீன். "உங்க ஆளு சுட்டாரு. எங்க ஆளு இடது தோள்ல தழும்பு இருந்துச்சாம்."

வெர்லீன் பதிவேட்டின் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். போதகரிடமே பொய் சொன்னாரா கிழவர்?

"கோவமா? எங்காளும் கொஞ்சம் அளந்து விடுவாருன்னுதான் சொல்வாங்க," என்று நாடீன் சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கட்டுமா? அவரைப் பெத்த அம்மா பேரு தெரியுமா? அவருக்கே மறந்துபோச்சு. கடைசி வரைக்கும் அதையே சொல்லி வருத்தப்பட்டாராம்."

"மக்தலேனா," என்றாள் வெர்லீன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க," என்றாள் நாடீன்.

செய்தி கேட்ட டேல் தலையில் கைவைத்துக்கொண்டான். "இப்ப கல்லுல என்னத்த வெட்டுறது?"

"ரெண்டு பேரு பேரையும் வெட்டு. கணக்கை விட்டுடு."

ஆகஸ்டில் நாடீன் இரண்டு கார் நிறைய உறவினரோடு வந்து இறங்கினாள். யார் சுட்டது என்ற வழக்கு, சுட்ட சோளக்கதிர் தீரும்வரை நடந்தது. எல்லோரையும் விட உரக்கக் கத்தியது டேல்தான். அதுவும் பீட்டரின் பக்கம்.