தண்ணிக்கு அவள் வைத்த பேர்

“முக்கா மணி நேரத்துக்கு ஒரே ஒரு வார்த்த மட்டும் உங்க வாயிலேர்ந்து வரக்கூடாதும்மா,” என்றார் சிந்துஜா மேடம். “‘சொல்லு’ன்ற வார்த்த.”

எனக்குச் சுருக்கென்றது. பேச்சுப் பயிற்சிக்காக நாங்கள் சிதம்பரம் வருவது இது நாலாவது சனிக்கிழமை. முதுநகரில் காலை பாசஞ்சர் பிடித்து, மூன்றரை வயது சுவேதாவை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் “ஆடு சொல்லு, பாலம் சொல்லு” என்று அவள் காதில் ஓதிக்கொண்டே வருவேன். நான் எல்கேஜி மிஸ். என் பிழைப்பே சொல்ல வைப்பதுதான். நான் வாயெடுத்தால் முப்பது பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தும். பெற்ற ஒன்று மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். காது நன்றாகக் கேட்கிறது என்று டெஸ்ட் எடுத்தே சொல்லிவிட்டார்கள்.

மேடம் செய்வதைப் பார்த்து முதலில் எரிச்சல்தான் வந்தது. அட்டை கிடையாது, படம் கிடையாது. பாயில் இவளுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொள்வார். இவள் ஒரு மூடியை உருட்டினால் அவரும் உருட்டுவார். “பாப்பா எங்க போவுதோ நாம பின்னாடியே போவணும்மா. அவ கேக்கறத நாம கேக்கணும்,” என்பார். இதற்கா ரயிலேறிப் போகிறோம் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அலுப்பில் அவர், “படிச்சவங்க, ஏதோ பண்றாங்க. நீ செத்த சும்மா இரேன்,” என்றார்.

சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. முதல் நாள் ஃபாரம் எழுதும்போது, “முன்னாடி ஏதாச்சும் வார்த்த பேசி, அப்புறம் நிறுத்திட்டாளாம்மா?” என்று மேடம் கேட்டார். “இல்ல மேடம்,” என்றேன். பட்டென்று வந்தது பொய்.

ஒன்றரை வயதில் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. த்தூ. தண்ணிக்கு அவள் வைத்த பேர். டம்ளரைப் பார்த்தால் த்தூ, குழாயைப் பார்த்தால் த்தூ, மழை பெய்தால் கை தட்டி த்தூ த்தூ. நெல்லிக்குப்பத்திலிருந்து நாத்தனார் சௌந்தரம் வந்து தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இவள் நேரே அவள் எதிரில் போய் நின்று த்தூ என்றாள். “இன்னாடி லேகா, டீச்சர் பொண்ணு மூஞ்சிலியே துப்புது!” என்று அவள் சொல்ல, வீடே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே ஆரம்பித்தேன். டம்ளரை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு, “தண்ணி சொல்லு. சொல்லு. சொன்னாத்தான் தருவேன்.” அவள் த்தூ என்பாள். டம்ளர் இன்னும் மேலே போகும். ஒரு சித்திரை மத்தியானம், உதடு காய்ந்து, அழுது ஓய்ந்து, டம்ளரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான்தான் பயந்துபோய்ப் புகட்டினேன். அதற்கப்புறம் தாகமெடுத்தால் என் புடவையை இழுப்பாள், அவ்வளவுதான். த்தூவும் இல்லை, தண்ணியும் இல்லை. பாவி நான், கெட்ட பழக்கம் விட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

“இது உங்களால ஆனது இல்லம்மா. பேச்சு லேட்டாவ ஆயிரம் காரணம் இருக்கு,” என்று போன வாரம் மேடம் ஆறுதல் சொன்னார். டம்ளர் கதை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

இன்றைக்கு என்னையும் பாயில் உட்கார வைத்தார். சொப்புச் சாமான், ஒரு துணிப் பொம்மை. என் வாய் நமநமவென்றது. பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவேதா பொம்மையை நிமிர்த்தி வைத்தாள். நீலச் சொப்பு டம்ளர் ஒன்றை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோனாள். சட்டென்று அதைத் தன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். புருவத்தை நெரித்தாள். அது என் புருவம்.

“சொல்லு,” என்றாள்.

சுத்தமாக, பிசிறில்லாமல். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பேசிட்டாம்மா! பேசிட்டா!” என்று கிசுகிசுத்தார். அம்மா என்று வரும், அப்பா என்று வரும் என்று இரண்டு வருஷம் தவம் கிடந்தேன். என் வார்த்தைதான் வந்தது.

“சொல்லு. சொல்லு.”

பொம்மை சொல்லவில்லை. அவளுக்குக் கோபம்கூட இல்லை. தண்ணி கொடுப்பதென்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள் பிள்ளை. பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். டம்ளர் என் தலைக்கு மேலே நின்றது. “சொல்லு.”

“நீங்களும் வெளையாடுங்கம்மா,” என்றார் மேடம். தண்ணி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

“த்தூ,” என்றேன்.

மேடத்தின் பேனா நின்றது. கதவுக்கு வெளியே காத்திருந்த ஓர் அம்மா திடுக்கிட்டு எட்டிப் பார்த்தாள். சுவேதா அசையவில்லை. தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தாள்.

“த்தூ, கண்ணு. அம்மாவுக்கு த்தூ வேணும்.”

“அப்பிடின்னா இன்னாம்மா?” என்று மேடம் மெல்லக் கேட்டார். முதல் நாள் ஃபாரம் அவர் மடியில்தான் இருந்தது. இனி சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குள் நீல டம்ளர் கீழே இறங்கி என் உதட்டில் முட்டியது. சொட்டுத் தண்ணி இல்லாத டம்ளர். சிந்திவிடாமல் இன்னொரு கையை என் தாடைக்கு அடியில் ஏந்திப் பிடித்திருந்தாள் சுவேதா. நான் மடக் மடக்கென்று குடித்தேன்.