வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி

சிட்டுவுக்கு அந்தக் காரை ஓட்டப் பயமில்லை. அணைந்து கிடக்கும் காருக்குள் தனியாக உட்கார்ந்து சாவியைத் திருகுவதுதான் முடியவில்லை.

அண்ணன் இருந்தவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அண்ணன் முன்னாலேயே இறங்கிப்போய், கிழட்டுக் காரைக் கிளப்பி, சூடேறும் வரை வாசலில் உறுமவிட்டுக் காத்திருப்பான். அவள் தாமதித்தால் குட்டையாக ஒரு ஹார்ன். ஒருநாள் அந்த ஹார்ன் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது; அண்ணன் நின்றுபோயிருந்தான்.

"வித்துத் தொலைச்சிடு. அது என் கண்ணுலயே படக் கூடாது" என்றாள் அண்ணி.

சிட்டுவுக்கு மனம் வரவில்லை. வேலைக்கும் போயாக வேண்டும். காரைத் தெருக்கோடியில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் இழுத்துப்போகச் செய்தாள்.

"ரிமோட் ஸ்டார்ட்டா? வீட்டுக்குள்ளேர்ந்தே பட்டன அழுத்திக் கிளப்பவா? இதுக்கா?" அவர் காரைச் சுற்றி வந்தார். "கிழவிக்குக் கொலுசு போடுற கதையா இருக்கேம்மா."

"போட்டா நடக்க மாட்டாளா?"

"நடப்பா, நடப்பா. ஆட்டோமேட்டிக் வண்டி, அதனால போடலாம். கியர் வண்டின்னா கையே வைக்க மாட்டேன். கியர்ல விட்டிருந்தா, ஆளில்லாமலே கிளம்பிப் போயிடும்."

ஸ்டியரிங்குக்குக் கீழே பலகையைக் கழற்றி, சாவித்துளைக்குப் பின்னாலிருந்த வயர்களோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை இணைத்தார். பற்றவைத்து, டேப் சுற்றினார். "மூடின ஷெட்டுக்குள்ள மட்டும் அழுத்திடாதீங்க. அந்தப் புகை ஆளையே முடிச்சிடும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சமையலறை ஜன்னலில் நின்று பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் கண் சிமிட்டின. என்ஜின் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கீழே அண்ணன் காத்திருப்பது போலவே இருந்தது. இதற்காகத்தான் ஆசைப்பட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

சில நாள் கழித்து ஏறி உட்கார்ந்தபோது கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. அண்ணன் நெட்டை, அவன் உட்காரும் தூரம் அது. சீட்டின் பூட்டு தேய்ந்திருக்கும் என்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. குளிரில் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்த ஒரு காலையில், ஸ்டியரிங்குக்கு நேராக மட்டும் பிறை மாதிரி ஒரு இடம் துடைத்திருந்தது. உள்பக்கமாக.

"அண்ணி, வண்டிக்குள்ள போனீங்களா?"

"அந்த எமன் பக்கம் நான் ஏன் போறேன்?"

சிட்டு துணியை எடுத்துப்போய்க் கண்ணாடி முழுவதையும் துடைத்தாள்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போர்வைக்குள் கிடந்தாள். ரிமோட் தலைமாட்டில் இருந்தது. அவள் தொடவே இல்லை. வழக்கமான நேரத்துக்குக் கீழே என்ஜின் இருமியது. ஓடியது. கொஞ்ச நேரம் பொறுத்து, குட்டையாக ஒரு ஹார்ன்.

அடுத்த அறையில் அண்ணியின் கட்டில் கிறீச்சிட்டது. அவளும் கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிப்போனாள். பலகையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

"எத்தன நாளா ரிமோட்ல ஸ்டார்ட் பண்றீங்க?"

"போட்டதுலேர்ந்து. தினமும்."

"இதப் பாருங்க." பெட்டியைக் காட்டினார். ஒரு ஓரம் கருகி உருகியிருந்தது. கருகலின் மேல் ஒட்டியிருந்த தூசியும் பழையது. "போட்ட ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ செத்திருக்கு. இதால ஒரு பல்பக்கூட எரிய வைக்க முடியாது."

"அப்போ தினமும் யாரு...?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார் அவர். "எனக்கு கரண்ட்டு தெரியும்மா. மத்தது தெரியாது. பெட்டியக் கழட்டிடவா?"

கழற்றச் சொன்னாள்.

மறுநாள் காலை பெட்டியில்லாத வண்டி தானாகக் கிளம்பியது. சிட்டு ஜன்னலோரம் நிற்க, அண்ணி சால்வையைப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். "போகாதீங்க அண்ணி" என்றதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்து சீட் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

மேலிருந்து பார்க்க அண்ணியின் உதடு அசைவது தெரிந்தது. முதலில் திட்டுவது போலிருந்தது. விரலை நீட்டிக்கூடப் பேசினாள். பிறகு அழுதாள். பிறகு, ஆச்சரியம், சிரித்தாள். கடைசியில் முன்னால் குனிந்து டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள், தூங்கப்போகும் குழந்தையைத் தட்டுவது போல. என்ஜின் ஒருமுறை குலுங்கி நின்றது.

திரும்பி வந்தவளின் மூக்கு சிவந்திருந்தது.

"என்ன அண்ணி சொன்னீங்க?"

"புருஷன் பொண்டாட்டி பேச்சுல நாத்தனாருக்கு என்ன வேலை?" சால்வையை உதறி மடித்தாள். "சிட்டு பொழச்சிக்குவா, நீங்க போங்கன்னேன். அவ்வளவுதான்."

மடித்த சால்வையை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "எனக்கும் ஓட்டச் சொல்லிக்குடு. நாள் பூரா இந்தச் சுவத்தையே பாத்துட்டிருந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

அதற்குப் பிறகு அந்த வண்டி தானாகக் கிளம்பியதே இல்லை. அண்ணி வழியனுப்பிவிட்டு வந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பிய சிட்டு பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். சுடச்சுட இருந்தது. அது ஆறும் வரை, வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், கையை எடுக்காமல் நின்றாள்.