மூன்றாம் மழை

ஈரமண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவுகிறேன், தண்டு கைக்குள் இருக்கிறது, வேர்தான் வரமாட்டேன் என்கிறது, இந்தச் சீமைக்கருவேலங் கன்றுக்கு மேலே விரல் உயரம், கீழே முழத்துக்கு இறங்கியிருக்கும், பாத்து இழு, பாதியில அறுத்தா மறுபடி துளுக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர், எதிர்க்கரையில் உட்கார்ந்துகொண்டு, இல்லை, எதிர்க்கரையில் யாருமில்லை, அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு ஒரு மழையே பெய்து முடிந்துவிட்டது, அதுதான் மூன்றாம் மழை, அவர் ஊருக்குச் சொன்ன கெடு. ஊர்க்கூட்டத்தில் சொன்னார், எங்கள் ஆடும் ஊரார் ஆடும் மேய்ந்து மேய்ந்து ஓடைக்கரை மொட்டையாகி, மழைக்கு மழை மண்ணாக இடிந்து விழுந்து, கோடையில் நாங்கள் தோண்டிக் குடிக்கிற ஊற்று தூர்ந்துபோன வருஷம் அது, மூணு வருஷ மழைக்கு யாரும் ஆட்ட எறக்காதிய, கரையில அருகம்புல்லும் நொச்சியும் வச்சுப் பாக்குதேன், அதுக்குள்ள பச்சை பிடிக்கலேன்னா விட்டுருதேன் என்றார், ஏ மாசானம், அதுவரைக்கும் ஆடு உன் மீசையையா மேயும் என்று ஒருத்தர் கேட்க, மேயட்டுமே, அதுவாவது திருப்பி மொளைக்கும் என்று இவர் சொல்ல, பெண்கள் பக்கத்தில் நான்தான் முதலில் சிரித்தேன்.

உடனே வேலி அடைக்க வேண்டும், குளத்துக்குள் காடாய்க் கிடந்த சீமைக்கருவேலத்தை நானும் அவரும் கொழுந்தன் சொள்ளமுத்துவும் வெட்டி இழுத்துவந்து கரை நெடுக அடைத்தோம், பங்குனி மாதம், கிளையெல்லாம் நெற்று மஞ்சளாய்ப் பழுத்துத் தொங்குகிறது, ஆடு வளர்க்கிறவர்கள் கண்ணுக்கு அது தீனி, கெடக்கட்டும், வேலி பிரிக்கையில ஆட்டுக்காவது ஆகும் என்கிறார், உதறிவிட்டு அடைக்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நெற்று உதிர்ந்தது, கறையான் அரித்தது, விதை மண்ணில் சேர்ந்தது, முதல் மழைக்குக் கரை பச்சைப்பசேலென்று, ஏட்டி, இங்க வந்து பாரு என்று அவர் கூப்பிட்ட குரல் இப்போதும் மேட்டிலிருந்து இறங்கி வருகிறது, நான் ஓடுகிறேன், குனிந்து இலையைக் கிள்ளுகிறேன், அவர் என் முகத்தையே பார்க்கிறார், நொச்சியா, இல்லையே, அருகு, அருகுமில்ல, பெறகு என்னட்டி, நம்ம வேலி முள்ளுதான், சீமைக்கருவேலம்.

மாசானம் முள்ளு வெவசாயம் பாக்கான் என்று ஊர் சிரித்தது, அவர் காதில் வாங்கவில்லை, விடிந்தால் பிடுங்கப் போய்விடுவார், சர்க்கரை வியாதிக்காரர், செருப்பைப் போடுங்க என்றால் சேத்துல செருப்பு இழுக்குட்டி என்பார், இரண்டாம் மழைச் சேற்றில் பழைய வேலிமுள் ஒன்று ஏறியது, ஏறியதே அவருக்குத் தெரியவில்லை, மரத்துப்போன கால், நான் பார்க்கும்போது பாதம் ஊதி நீலம் பாய்ந்து கிடக்கிறது, பெரியாஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுக்கணும் என்றார்கள், எடுத்தார்கள், விஷம் அதற்கும் மேலே போயிருந்தது, கட்டிலில் கிடந்துகொண்டு கேட்கிறார், எதுவரைக்கும் பிடுங்கியிருக்க, ஓடை வளைவுக்கு வந்துட்டேன், அருகு எங்கயாச்சும் தலைகாட்டுதா, இன்னும் இல்ல, கஞ்சியைக் குடிங்க, கடைசியாகக் கேட்டதும் அதுதான், தலைகாட்டுச்சாட்டி, இனிமேத்தான், நீங்க தூங்குங்க.

எந்திரிங்க மைனி என்கிறான் சொள்ளமுத்து, எப்போது வந்து நின்றான், வேலியில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் மேடு முழுக்க ஆடு, கெடு முடிஞ்சுட்டு, ஊரே என்னை ஆட்டப் பத்திட்டுப் போகச் சொல்லுது, வருத்தப்படாதிய, உன் மேல எனக்கென்னய்யா வருத்தம், இந்த ஒண்ணை மட்டும் பிடுங்கிக்கிடுதேன் என்கிறேன், ஆடுகள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றன, கருவேலங் கன்றை ஒன்றும் சீண்டவில்லை, அந்த இலை அவற்றுக்கு ஆகாது, தாண்டித் தாண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் போகின்றன, முள் அடர்ந்து நான் இன்னும் நுழையாத இடம், ஒன்றுமில்லையென்று திரும்பிவிடும் என்று பார்த்திருக்கிறேன், திரும்பவில்லை, சத்தம் வருகிறது, கறுக் கறுக்கென்று, ஆட்டுக்காரன் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாத சத்தமா, நெற்று மெல்லுகிற சத்தம் வேறு, தழை உருவுகிற சத்தம் வேறு, இது அருகு, அடியோடு கவ்வி வெடுக்கென்று இழுக்கிற அருகு, அதுவும் ஒரு ஆடு இரண்டு ஆடு இல்லை, அத்தனை ஆட்டுக்கும் வாய்நிறைய, அவ்வளவு இருந்திருக்கிறது, மைனி, என்னத்தையோ மேயுதே என்கிறான் சொள்ளமுத்து, அவன் முகம் மாறுகிறது, மறிய்யா, ஓடிப்போய் மறி என்று கத்துகிறேன், கம்போடு ஓடுகிறான், ஆடு எங்கே கேட்கும், மூன்று மழையாக அது காணாத புல், நான் எழுந்திருக்கப் பார்க்கிறேன், விரல்கள் இன்னும் சேற்றுக்குள், அந்தத் தண்டைச் சுற்றிக்கொண்டு, வந்துட்டுங்க, அருகு வந்துட்டு, கேக்குதா உங்களுக்கு என்று எதிர்க்கரையைப் பார்த்துச் சொல்கிறேன், சொல்லச் சொல்ல, புல் தீரத் தீர, அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.