இரண்டு முன்பற்களுக்கு நடுவே

ஊரில் பாதிப் பேருடைய பல்லை நேராக்கிய டாக்டருக்குத் தன் வீட்டுப் பல் மட்டும் அடங்கவில்லை. கல்யாணமான மறுவாரமே மனைவியின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தைப் பார்த்து, "ஒரு வருஷம் கம்பி போட்டா சேர்ந்துடும்" என்றார். அவள் சிரித்தாள். "உங்க இடுக்கியை என் வாயில வைக்க விடமாட்டேன்." பதினோரு வருடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வரவேற்பறையில் காத்திருக்கும் நோயாளிகள் டாக்டர் வீட்டம்மாவின் வாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறொருவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

மகளுக்கு அப்போது பத்து வயது. நிறம், மூக்கு, பிடிவாதம் எல்லாம் அப்பாவுடையது. அம்மாவிடமிருந்து வந்தது அந்தச் சந்து ஒன்றுதான். பள்ளியில் அவளை 'ஜன்னல்' என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் அம்மாவும் அவளும் சீட்டி அடிப்பார்கள். சமையலறையிலிருந்து இரண்டு சீட்டி வந்தால் சாப்பிட வா என்று அர்த்தம். அம்மா போன பிறகு அவள் கண்ணாடி முன் நின்று, மூக்கையும் அதற்கு மேலேயும் கையால் மறைத்துக்கொண்டு சிரித்துப் பார்ப்பாள். அம்மாவே வந்து நிற்பது போல இருக்கும்.

அதைத்தான் அப்பாவும் பார்த்தார். தினமும், சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில். "வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்பது முதலில் மரியாதை சொல்லிக்கொடுப்பது போலத்தான் இருந்தது. போகப் போக அது "என் முன்னாடி பல்லைக் காட்டாதே" என்று ஆகிவிட்டது. அவளுக்குப் பதிமூன்று வயது முடிந்த வாரம் கிளினிக் நாற்காலியில் படுக்க வைத்தார்.

"வேணாம்ப்பா. எனக்கு இது பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கான்னு உன்னை யாரு கேட்டா? வாயைத் திற."

உதவிக்கு நின்ற நர்ஸ் அக்கா மனசு கேட்காமல், "சின்னச் சந்துதானே டாக்டர், விட்டுடலாமே" என்றாள். மறுநாள் முதல் அந்த அக்காவுக்கு வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை.

மற்ற பிள்ளைகளுக்குக் கம்பி மாட்டும்போது அவர் தங்கமான மனிதர். ரப்பர் என்ன நிறத்தில் வேண்டும் என்று தட்டை நீட்டுவார், வலித்தால் கையைத் தூக்கு என்பார். மகளிடம் நிறம் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கினால் "இறக்கு" என்றார். இரண்டு முன்பல்லையும் சேர்த்து இழுக்க ரப்பர் சங்கிலி மாட்டிய அன்று அவளால் எதையும் மெல்ல முடியவில்லை. பாலைக் குடித்துவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, அந்த மனிதர் அன்று எதிரே உட்கார்ந்து இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்.

ஒன்றரை வருடத்தில் சந்து மூடியது. கம்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். வரிசை பிசகாத பல். அவள் சீட்டி அடித்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிசா ஒரு கம்பி ஒட்டிடறேன். ஆயுசுக்கும் நகராது."

"நாக்குல குத்தும்ப்பா. கழட்டி மாட்டற கிளிப்பைக் குடுங்க, தினமும் போட்டுக்கறேன். சத்தியமா."

"ஒரு நூல் விலகினாலும் ஒட்டிடுவேன். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். கிளிப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்று அவர் மற்ற பிள்ளைகளை மிரட்டுவதை அவள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? அவர்களுக்கு மிரட்டல், இவளுக்கு அது ஒன்றுதான் நம்பிக்கை. கிளிப்பை ஒருநாள்கூட வாயில் வைக்கவில்லை. காலையில் குழாய்த் தண்ணீரில் நனைத்து, போட்டுக் கழற்றியது போல வாஷ்பேசின் மேல் வைத்துவிடுவாள். கையால் வாயை மறைத்துப் பேசப் பழகினாள். அப்பாவுக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. வேலை முடிந்த வாயை அவர் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. இரண்டாம் மாதம் சந்துக்குள் காகிதம் நுழைந்தது, நாலாம் மாதம் நகம் நுழைந்தது. ஐந்தாம் மாதம் குளியலறையில் ஒரு சின்னச் சீட்டி வந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த வாரம்தான் அம்மா போன் செய்தாள். ஐந்து வருடமாகப் பிறந்தநாளுக்கு ஒருமுறை வரும் குரல். "அந்தப் பக்கம் ஒரு வேலையா வர்றேன். ஒரு மணி நேரம் பார்க்கலாமா?"

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் மகள் அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா உள்ளே வந்து யாரையோ தேடுவது போல இங்கும் அங்கும் பார்த்தாள். மகள் இரண்டு சீட்டி அடித்தாள். கடையே திரும்பிப் பார்த்தது. அம்மா விறுவிறுவென்று வந்து உட்கார்ந்தாள்.

"ச்சீ, என்னடி பழக்கம் இது? எல்லாரும் பார்க்கறாங்க." பிறகு கன்னத்தைத் தட்டி, "எவ்வளவு வளர்ந்துட்டே!" என்று சிரித்தாள்.

வரிசை பிசகாத பல். சந்து இல்லை.

"அம்மா, உன் பல்லு..."

"அதுவா? போன வருஷம் மூடிட்டேன். எங்க தெருவுல புதுசா ஒரு சின்னப் பொண்ணு கிளினிக் திறந்திருக்கா. ரெண்டு பல்லுலயும் எதையோ தடவி விளக்கைக் காட்டினா, ஒரே மணி நேரத்துல முடிஞ்சது. இத்தனை வருஷம் அதை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வெளியில தலைகாட்டினேனோ!" அம்மா மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "ஐயோ, உனக்கு இன்னும் அப்படியே இருக்கே? ஊருக்கெல்லாம் பண்றார், பெத்த பொண்ணுக்குப் பண்ணலையா? கேட்டுப் போட்டுக்கோ. அசிங்கமா இருக்கு."

"கேக்கறேம்மா" என்றாள் மகள். ஒரு மணி நேரம் என்று சொன்ன அம்மா நாற்பது நிமிடத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மகள் நேராகக் கிளினிக்குக்குப் போனாள். நோயாளிகள் யாரும் இல்லை. தானே நாற்காலியில் ஏறிப் படுத்து வாயைத் திறந்தாள். அப்பா விளக்கை இறக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அஞ்சு மாசமா என்னை ஏமாத்தியிருக்கே."

"ஆமா."

"முதல்லேர்ந்து திரும்பக் கம்பி போடணும். அதுக்கப்புறம் பின்னாடி ஒட்டிடுவேன். தெரியுமில்ல?"

"போடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் படிந்து அவர் பார்த்ததில்லை. "என்ன திடீர்னு?"

"அம்மாவைப் பார்த்துட்டு வர்றேன்."

அவர் ஏற்கனவே துடைத்து வைத்திருந்த இடுக்கியை எடுத்து மறுபடி துடைத்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எப்படி இருக்கா?" என்றார். அந்தக் குரலில் ஐந்து வருட ஏக்கம் இருந்தது. பாவம், அதை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் அப்பாவின் மகள்.

"அழகா இருக்கா. சந்தை மூடிட்டா. பக்கத்துல யாரோ ஒரு சின்னப் பொண்ணாம், ஒரே மணி நேரத்துல முடிச்சிட்டாளாம். யாரும் சொல்லல, அம்மாவே போய்க் கேட்டாளாம்ப்பா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருடம் கெஞ்சியும் திறக்காத வாய்.

"சீக்கிரம்ப்பா" என்றாள் மகள். "அசிங்கமா இருக்கு."

அவர் எழுந்து இடுக்கியை அவள் வாய்க்குள் கொண்டுபோனார். கை தவறி ஈறில் குத்தி ரத்தம் வந்தது. அவள் கையைத் தூக்கவில்லை.