எறும்பு தொடாத காப்பி

சீமை மகாராணி காலமான மறுவருஷம் ஐப்பசியில், கொல்லையில் தன் புருஷன் ஒதுங்கும் வேலியோரத்தில் ஹாஜரா எறும்புகளைப் பார்த்தாள். மழை விட்ட ஈரத்தில் அவை சாரை சாரையாக மொய்த்துக் கிடந்தன. அவளைப் பெற்ற அத்தாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த ரம்ஜானுக்கு அத்தா இல்லை.

அன்று காலையே புருஷன் சேக் முகைதீனை மாட்டுவண்டியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனாள். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பகலில் கடையைப் பூட்டச் சொன்னால் கோபம் வரும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மடவார் வளாகத்தில் வைத்தியம் பார்த்துவந்த எலியேசர் டாக்டர், அவருடைய நீரை ஏதோ நீலத் திரவத்தில் விட்டுக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமாக மாறியது.

“நீரிழிவுதான், ராவுத்தரே. சோத்தைக் குறையும். சீனி, வெல்லம், கருப்பட்டி மூணையும் மறந்துரும்.”

“காப்பிக்குமா?”

“காப்பிக்கு இதைப் போடும்.” சின்னச் சீசா ஒன்றை நீட்டினார். அதற்குள் மிளகில் பாதிகூட இல்லாத வெள்ளை மாத்திரைகள். “சாக்கரின்னு பேரு. சீமைச் சரக்கு. சீனியைவிட நூறு மடங்குக்கு மேல இனிப்பு. தம்ளருக்கு ஒண்ணு போதும், கூடப்போனா கசக்கும்.”

நூறு மடங்கு என்றது கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜராவுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை வீட்டில் ஒரு மாத்திரையை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் அந்த இனிப்பு போகவேயில்லை. அடியில் ஒரு கசப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அவர் பாதி குடித்து வைத்த தம்ளரைக் கழுவ மறந்துவிட்டாள். மத்தியானம் பார்த்தபோது அதில் ஓர் எறும்புகூட இல்லை. பக்கத்திலேயே பிள்ளைகள் சிந்திய கருப்பட்டித் தண்ணீரில் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

பால் ஊற்ற வந்த வெள்ளத்தாய் அவளைப் பார்த்து நின்றாள். “என்ன பீவி, தம்ளர முறைச்சிக்கிட்டு நிக்கீக? அவிய கூட எதும் சண்டையா?”

“இம்புட்டு இனிக்கு. ஒரு எறும்பும் வரலியே, வெள்ளத்தாயி.”

வெள்ளத்தாய் விரலை விட்டு நக்கினாள். உடனே துப்பினாள். “எலிக்குப் பாஷாணம் வச்ச மாவுலகூட எறும்பு இப்படித்தான் அண்டாது. எறும்பே வேண்டாங்கிறத உங்க கையால கலக்கிக் குடுக்கீகளே, நல்லாருக்கா?”

அன்று முழுக்க ஹாஜரா எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்து நாள். இருபது தம்ளர். எல்லாம் அவள் கலக்கிக் கொடுத்தது.

மறுநாள் காப்பியில் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டாள். அவருக்குச் சந்தேகம் வராமலிருக்கத் தினமும் இரண்டு மாத்திரைகளைச் சீசாவிலிருந்து எடுத்துச் சாம்பல் குழியில் போட்டாள். சேக் முகைதீன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

ஐந்து வாரம் போனது. புதுச் செருப்பு கடித்து அவர் கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது விரல் நுனி கறுத்திருந்தது. ஹாஜரா மறுபடி அவரை வண்டியில் ஏற்றினாள்.

எலியேசர் டாக்டர் மறுபடி குழாயைக் காய்ச்சினார். இந்த முறை கொதிக்கும் முன்பே சிவந்தது.

“என்னத்தத் தின்னீரு? நெசத்தச் சொல்லும். ரெண்டு வாரத்துல இது ஆறலைன்னா விரலை எடுக்கணும். மேல ஏறினா காலை. அதுக்கும் மேலன்னா என்கிட்ட வரவேண்டியதே இல்ல.”

“நாந்தான் டாக்டர்,” என்றார் சேக் முகைதீன் தலையைக் குனிந்து. “கடைக்கு எதுத்தாப்புல மிட்டாய்க்காரன்…”

“இல்ல.” கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்நிய ஆம்பிளையிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவள், முக்காட்டைப் பற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். “நாந்தான் கருப்பட்டி போட்டேன். அந்த மாத்திரைய எறும்பு தொடல. வெசம்னு நெனச்சேன்.”

டாக்டர் குழாயைக் கீழே வைத்தார். “எறும்பு தீனி தேடுதும்மா. இதுல தீனி இல்ல, வெறும் இனிப்புதான். ஒடம்புல ஒட்டாதுங்கிறதாலதான் குடுத்தேன். பயமாருந்தா என்கிட்ட வந்து கேக்கறதுக்கென்ன?”

“உங்ககிட்ட நான் எப்படிக் கேக்க?”

டாக்டர் புதுச் சீசா ஒன்றை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் சேக் முகைதீன் சொன்னார். “மொத நாளே தெரியும், புள்ள. கருப்பட்டி வாசம் எனக்குத் தெரியாதா?”

அவள் திரும்பினாள். “தெரிஞ்சா குடிச்சீக?”

“நீயே மனசு எறங்கிக் குடுக்கேன்னு நெனச்சேன். வாயத் தொறந்தா நிப்பாட்டிருவியே.”

“என்னக் கொலகாரியாக்கப் பாத்தீகளே! ஒங்க நாக்குக்கு நான் தாலியறுக்கணுமா?” அவர் தோளில் குத்தினாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் மாட்டை விரட்டினார்.

“ஹாஜரா,” என்றார் அவர். “பயமாருக்கு.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. குத்திய கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டிலிருந்த கருப்பட்டியெல்லாம் அன்றே வெளியே போயிற்று. பிள்ளைகளும் மாத்திரைக் காப்பிதான் குடித்தார்கள். தினம் காலையில் வெந்நீரை ஆறவைத்துப் புண்ணைக் கழுவினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அவள் தொடுவதே அவருக்குத் தெரியாது. விரல் மரத்துப்போயிருந்தது.

டாக்டர் வைத்த கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, துணியால் ஒற்றியதும் அவர் காலை வெடுக்கென்று இழுத்தார்.

“ஏட்டி, வலிக்கு!”

ஹாஜரா அப்படியே உறைந்தாள். “எங்க?”

“விரல்ல. தொடாத.”

வலிப்பது நல்லதா, கெட்டதா? கறுப்பு குறைந்திருப்பதுபோல இருந்தது. தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்றும் இருந்தது. கொல்லையில் வெள்ளத்தாயின் குரல் கேட்டது. ஹாஜரா அவளைக் கூப்பிடவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வண்டியப் பூட்டச் சொல்லுங்க,” என்றாள் உள்ளே பார்த்து. “டாக்டர்கிட்ட நானே கேக்கேன்.”