மஞ்சள் பொட்டலத்தின் மேல் போட்ட பழி

பிங்ஹோங்குக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் "நான் தைப்பேயில் இருந்தப்ப" என்று வந்துவிடும். தைப்பேயில் ஒரு கணினிக் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தான், அதுவும் ஃபர்ம்வேர் பிரிவில். கணினியின் பொத்தானை அமுக்கியதும், விண்டோஸ் எல்லாம் வருவதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு மற்ற பாகங்களை எழுப்பிவிடுகிற சின்ன நிரல்தான் ஃபர்ம்வேர். அதைப் புதுப்பிக்கும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த வரியில் "எக்காரணம் கொண்டும்" என்பதைச் சேர்த்தது தான்தான் என்று பிங்ஹோங் சொல்லிக்கொள்வான். அது பொய்யில்லை. பெருமையடிப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறவர்கள் என்று நினைப்பது தப்பு.

அந்தப் பிரிவை இழுத்து மூடியதும் சொந்த ஊரான பூட்ஸுவுக்கே திரும்பிவிட்டான். இப்போது சுற்றுவட்டாரத்தில் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளின் கணினிகளுக்கு அவன்தான் வைத்தியன். லியாவ் டாக்டரின் குழந்தைகள் கிளினிக்கும் அதில் ஒன்று.

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கை, கால், வாய்ப் புண் பரவிக்கொண்டிருந்தது. காலையில் மட்டும் எழுபது குழந்தைகள் வந்து போயிருந்தன. பன்னிரண்டுக்குக் கதவை இறக்கினால் மறுபடி மூன்று மணிக்குத்தான் ஏற்றுவார்கள். அந்த இடைவெளியில் வேலையை முடித்துவிடலாம் என்று பிங்ஹோங் வந்திருந்தான். வரவேற்பு மேசையில் இருந்த குட்டிக் கணினி, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், தூங்க வைத்தால் சில நாள் எழுந்திருக்க மறுத்தது. புது ஃபர்ம்வேர் போட்டால் சரியாகிவிடும். நோயாளிகளின் காப்பீட்டு அட்டையைப் படிப்பது அந்த ஒரு பெட்டிதான். அது இல்லாமல் ஒரு குழந்தையைக்கூடப் பதிவு செய்ய முடியாது.

மேசைக்குப் பின்னால் லுவா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்தவள். போன வருஷம் வரை தொங்ஷி கடற்கரையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கீறல் தழும்பு. சீன எழுத்தை இரவுப் பள்ளியில் கற்று, பரீட்சை எழுதி, இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். சோதனைக் காலம் மூன்று மாதம், வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா அனுப்பிவிடுவதா என்பது டாக்டரின் மனைவி, டாக்டரம்மாவின் கையில். இதையெல்லாம் லுவாவே அவனிடம் சொன்னாள். திரும்பவும் சிப்பிக்குப் போக முடியாது சார், மழைக்காலத்தில் விரல் மடங்குவதில்லை என்றாள்.

பெட்டியின் தலையில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒன்றும் புதுமையில்லை. இந்தத் தீவில் பச்சைப் பொட்டலம் வைக்காத இயந்திரம் ஏது? வங்கியிலும் வைப்பார்கள், ஆஸ்பத்திரியிலும் வைப்பார்கள். பச்சைப் பொட்டலம் இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. தேதி தாண்டியிருக்கக் கூடாது, பிரித்திருக்கக் கூடாது, பச்சையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே இருந்தது மஞ்சள், மசாலா வாசனை போட்டது. பழைய பொட்டலம் போன மாதமே தேதி தாண்டியதைப் பார்த்து லுவாதான் காலையில் மாற்றியிருக்கிறாள். கடையில் பச்சை தீர்ந்துவிட்டதாம். உள்ளே இருப்பது அதே பொரிதானே என்று மஞ்சளை வாங்கி வைத்துவிட்டாள். பிங்ஹோங் பார்த்தான், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

பென் டிரைவைச் செருகினான். "ரெண்டே நிமிஷம்" என்றான். நீலக் கோடு நூறு வரை ஓடியது. பெட்டி தானாக அணைந்து, தானாக விளக்கைப் போட்டுக்கொண்டது. திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

அப்படித்தான் இருக்கும். புது ஃபர்ம்வேர் முதல் தடவை எழும்போது நினைவகத்தை ஆதியிலிருந்து அளந்து பார்க்கும். ஐந்து நிமிஷம் ஆகும், சிலசமயம் பத்தும் ஆகும். அதுவரை ஃபர்ம்வேர் ஏறி முடிந்ததாகக் கணக்கில்லை. பிங்ஹோங்குக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவன். ஆனால் ரெண்டே நிமிஷம் என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று. லுவா சோற்றை அள்ளிக்கொண்டே ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒருமுறை திரையைப் பார்த்தாள். பிறகு ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டாள்:

"உயிர் இருக்கா சார்?"

அது அவனைச் சுருக்கென்று குத்திவிட்டது. சிப்பி உடைத்தவள் என்னைக் கேட்கிறாள் என்று நினைத்தான். ஆமாம், அப்படித்தான் நினைத்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "மாட்டிக்கிச்சு, ஒரு தட்டுத் தட்டினா சரியாயிடும்" என்று பொத்தானை அமுக்கிப் பிடித்தான். விளக்கு அணைந்தது. மறுபடி அமுக்கினான். ஆரஞ்சு விளக்கு மூன்று முறை கண் சிமிட்டி நின்றுவிட்டது. இன்னொரு தடவை அமுக்கினான், அதே மூன்று. எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாததை அவனே செய்துவிட்டான்.

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா பின்வாசல் வழியாக வந்தாள். கிளினிக்கில் டாக்டர் வைத்தியம் பார்ப்பார், மற்றதையெல்லாம் அவள் பார்ப்பாள். பெட்டி எழவில்லை என்று பிங்ஹோங் சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கண் மஞ்சளில் விழுந்துவிட்டது.

"இதை யாரு இங்க வெச்சது?"

லுவா எழுந்து நின்று, தான்தான் என்றாள். தேதி, கடை, தீர்ந்துபோன பச்சை என்று முறையாகச் சொல்லிக்கொண்டு போனாள். டாக்டரம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, ஆஹோங் என்று தான் செல்லமாகக் கூப்பிடும் பிங்ஹோங் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு வருஷமா இந்த மேசையில ஒரு மெஷின் இப்படி ஒரேயடியாப் படுத்ததில்ல. இன்னைக்கு மஞ்சள் வந்துச்சு, இன்னைக்கே படுத்துருச்சு. ஏன் ஆஹோங், நீ படிச்சவன், நீ சொல்லு. மெஷினுக்கு மஞ்சள் ஆகாதுதானே?"

இதுதான் அந்த இடம். 'இல்லம்மா, நான்தான் நடுவில் அணைச்சுட்டேன்' என்று ஒரு வரி போதும். லுவா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிங்ஹோங் சிரித்தான்.

"தைப்பேயில எங்க லேப்லயே மஞ்சளை உள்ள விட மாட்டோம், டாக்டரம்மா."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். பேச்சு சிரிப்பில் கரைந்துவிடும் என்று நினைத்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி வைக்கிறவளை இங்கே எப்படி விட்டுப் போவது, வெள்ளிக்கிழமை இவளைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும் என்றாள். அவனிடம் சொல்வது மாதிரி லுவாவின் காதில் விழச் சொன்னாள். பிறகு, எந்தக் கடையில் கிடைத்தாலும் சரி, பச்சை இல்லாமல் திரும்பாதே என்று அவளை அனுப்பினாள். லுவா பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பிங்ஹோங் பெட்டியைக் கவிழ்த்து நான்கு திருகுகளைக் கழற்றினான். உள்ளே இரண்டு ஊசிகளின் மேல் நகக்கண் அளவில் ஒரு மூடி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, சரியான கோப்பைப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் செத்த ஃபர்ம்வேரை மீட்டுவிடலாம். வண்டியிலிருந்து மடிக்கணினியைக் கொண்டுவந்து கோப்பை இறக்கினான். அவசரத்தில், அந்தப் பெட்டிக்குப் படிக்கத் தெரியாத புது முறையில் டிரைவை ஃபார்மேட் செய்து துடைத்து வைத்தான். பதினைந்து நிமிஷம் காத்திருந்த பிறகுதான் அது புரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவளோ டீ போட்டுக் கொண்டுவந்து வைத்து, பாவம், யாரோ செய்த கோளாறுக்கு நீ சாப்பிடாமல் கிடக்கிறாயே என்றாள். பிங்ஹோங் டீயை எடுத்துக் குடித்தான்.

டிரைவைப் பழைய முறையில் துடைத்து, கோப்பைத் திரும்பப் போட்டு, பொத்தானை அமுக்கியபோது மணி இரண்டு முப்பத்தைந்து. திரை கறுப்பு. இந்த முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். வெளியே மழையில் அம்மாக்கள் குழந்தைகளோடு கதவோரம் ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். பாதிக் கதவை ஏற்றி அவர்களை உள்ளே விட்டாள் டாக்டரம்மா.

அவர்களுக்குப் பின்னால் லுவா வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழைக்கோட்டைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல் பொட்டலங்களுக்குச் சுற்றியிருந்தாள். ஐந்தாவது கடையில்தான் கிடைத்ததாம், மூன்று பச்சை. ஒன்றைத் துணியால் துடைத்து மேசையில் பெட்டியை ஒட்டி வைத்தாள். வைத்துக் கையை எடுக்கவில்லை, அதற்குள் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது.

டாக்டரம்மா கையைத் தட்டினாள். "பாத்தியா ஆஹோங்? பச்சை வந்ததும் எந்திரிச்சிருச்சு பாரு." காத்திருந்த அம்மாக்களில் இரண்டு பேர் கூடவே தட்டினார்கள். லுவா தலையைக் குனிந்துகொண்டாள். நனைந்த சட்டையோடு அவள் அப்படி நின்றதைப் பார்த்தபோது பிங்ஹோங்குக்கு முகமெல்லாம் எரிந்தது. இதற்கு மேல் தாங்காது என்று எழுந்தான்.

"டாக்டரம்மா, அது பொட்டலத்தால இல்ல. நான்தான் அவசரப்பட்டு நடுவுல அணைச்சேன். தப்பு என்னோடது."

டாக்டரம்மா அவனைப் பாசத்தோடு பார்த்தாள். பக்கத்திலிருந்த அம்மாவிடம், எவ்வளவு நல்ல மனசு பாருங்க, அந்தப் பொண்ணு திட்டு வாங்கக் கூடாதுன்னு பழியைத் தன்மேல போட்டுக்கிறான் என்றாள். தைப்பேயில் இருந்தவனுக்குப் பச்சையின் மகிமை தெரியாதா என்று முதுகில் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பிங்ஹோங் இன்னும் கொஞ்சம் குறுகிப்போனான். மூடியை ஊசியில் மாட்டி, திருகுகளை முடுக்கிக்கொண்டே லுவாவிடம் மெல்லச் சொன்னான்: "நான் சொல்லிட்டேன், பாத்தீங்கல்ல."

"சொன்னீங்க" என்றாள். அட்டை படிக்கும் கருவியின் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். "செத்துக் கெடந்தப்ப சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க சார்."

"அப்ப உங்களுக்கு..."

"நாலு நிமிஷம் பதினஞ்சு செகண்டுல அணைச்சீங்க. கடிகாரத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

"நான் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மணி மூன்றாகி முதல் ஐந்து குழந்தைகள் உள்ளே போனபின்னும் பிங்ஹோங் கிளம்பவில்லை. வேலைச் சீட்டை எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தான். அதில் 'பழுதின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லா ஊரிலும் அதில் அவன் எழுதுவது 'பாகம் பழசு'. இன்று பேனாவை அழுத்தி எழுதினான்: ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருந்தபோது தொழில்நுட்பர் பொத்தானை அமுக்கி அணைத்தார். நேரம் மதியம் 1:22. அப்போது ஊழியர் லுவா இயந்திரத்தைத் தொடவில்லை. பொட்டலத்துக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை. கீழே தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினான். பக்கத்தில் கிளினிக் முத்திரை விழ வேண்டும். அது டாக்டரம்மாவிடம் இருந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். வாய்ப்பேச்சை உதறிவிட்டுப் போகலாம், முத்திரை போட்ட தாளை அந்த ஊரில் யாரும் உதறுவதில்லை. இரண்டாம் முறை வாசித்தாள். கண்ணாடிக்கு மேலாக லுவாவைப் பார்த்தாள். அவள் ஈரச் சட்டையோடு, அழுகிற குழந்தை ஒன்றின் அட்டையை வாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முத்திரையைக் குத்தினாள். தாளை நகல் எடுத்து, இது அந்தப் பெண்ணின் ஃபைலில் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை டாக்டர் பார்க்கட்டும் என்றாள்.

பிங்ஹோங் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். மெஷின் விஷயத்தில் தான் இப்படிச் செய்ததே இல்லை என்று ஏதோ சொன்னான்.

"மெஷினை விடு" என்றாள் டாக்டரம்மா. "மெஷின்ல யாரு வேணா தப்புப் பண்ணலாம். நானும்தான் அவளைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன், அதை நான் அவகிட்ட பாத்துக்கறேன். மழையில அவ அஞ்சு கடை ஏறி இறங்கினாளே, அப்ப நீ எங்கடா இருந்த?"

காத்திருந்த அம்மாக்கள் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"இங்கதான் இருந்தேன், டாக்டரம்மா" என்றான் பிங்ஹோங். "நீங்க குடுத்த டீயைக் குடிச்சிட்டு இருந்தேன்."

லுவா திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் எண் யார் என்று கூப்பிட்டாள்.