கைதட்ட வந்தவர்கள்

பழைய டிவி ஸ்டூடியோவின் பின்கேட்டில் காலையிலேயே பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். மேலே ஏணியில் இருவர் சேனலின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்கள் அங்கே கைதட்டும் வேலை பார்த்தவர்கள். படப்பிடிப்பின்போது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஃப்ளோர் மேனேஜர் கையைத் தூக்கினால் தட்ட வேண்டும். விரலைச் சுற்றினால் சிரிக்க வேண்டும். அவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பக்கா என்றே பெயர். அவள் ஆரம்பித்தால் வரிசை முழுக்கத் தொற்றிக்கொள்ளும். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் முழங்காலைத் தேய்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். புருஷன் விட்டுப்போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். சேனல் மூடியதிலிருந்து இருவருக்கும் வேலையில்லை.

பழைய ஃப்ளோர் மேனேஜர் வெளியே வந்தார். ஸ்டூடியோவை வாங்கியவர் அதை நாடக அரங்கமாக்கியிருந்தார்; இப்போது இவர்தான் அதற்கு மேனேஜர்.

"இனிமே இங்க ஷூட்டிங் கிடையாது. நாடகம், பாட்டு, காமெடி, எல்லாம் நேர்லதான். டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களே கைதட்டிக்குவாங்க."

"அப்போ எங்க கைய என்ன சார் பண்றது?" என்றாள் சிரிப்பக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

"வாசல்ல டிக்கெட் பாத்து உள்ள அனுப்ப ஆள் வேணும். நீங்கல்லாம் வரலாம். ஆனா ஷோ முடியற வரைக்கும் நிக்கணும்." அவர் பார்வை நாத்தனாரின் காலுக்குப் போனது. "இவங்களுக்குச் சரிப்படாதும்மா."

"நீங்க சேந்துக்கங்க அண்ணி. நான் எப்படியாவது பாத்துக்கறேன்," என்று முணுமுணுத்தாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு." சிரிப்பக்கா மேனேஜரிடம் திரும்பினாள். "வர்றவங்க பை, குடையெல்லாம் எங்க வைப்பாங்க சார்?"

"அதுக்குத் தனியா கவுன்ட்டர் இருக்கு."

"அதுல இவளப் போடுங்க. ஒரு ஸ்டூல் குடுத்தாப் போதும்."

"ஜனங்க முன்னாடி வேலைக்காரங்க உட்காரக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு."

"இத்தனை வருஷமா எங்கள உட்கார வெச்சுதானே சார் வேலை வாங்குனீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "ஸ்டூல் இல்லன்னா எனக்கும் வேணாம் சார்," என்று பையைத் தோளில் மாட்டினாள். இன்னொருத்தி அவள் பின்னால் நடந்தாள். கேட்டருகே கூட்டம் கலையத் தொடங்கியது.

"இருங்கம்மா, இருங்க!" மேனேஜர் போனோடு ஓரமாகப் போனார். "இல்லீங்க... வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆள் கிடைக்காதுங்க..." என்பது மட்டும் கேட்டது.

திரும்பி வந்து, "கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டூல். வாசல்ல நிக்கறவங்களுக்குக் கிடையாது," என்றார்.

"இன்னிக்கு இது போதும் சார். மிச்சத்த அப்புறம் கேக்கறோம்."

வெள்ளிக்கிழமை மாலை வாசல் நிரம்பி வழிந்தது. கவுன்ட்டருக்குள் நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்து டோக்கன் கொடுத்தாள். "பத்திரமா இருக்குமா?" என்று கேட்ட ஒருவரிடம், "உங்க வீட்ட விடப் பத்திரம்," என்றாள். சிரிப்பக்கா அவளை எட்டிப் பார்த்தாள். இப்படிப் பேசி எவ்வளவு காலமாயிற்று!

ஆட்டம் தொடங்கியதும் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. உள்ளே மேடையில் ஒருவன் ஏதோ சொன்னான், வார்த்தை புரியவில்லை. அரங்கமே வெடித்துச் சிரித்தது. யாரும் கையைத் தூக்கிக் காட்டாமலேயே சிரிப்பக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வாசலைக் கவனிக்கப் போட்டிருந்த சூப்பர்வைசர் உதட்டில் விரலை வைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

தாமதமாக வந்த ஒருவரை உள்ளே விடக் கதவைத் திறந்தாள். முன்னால் முதலாளியின் விருந்தினர்களுக்கென ஒதுக்கிய மெத்தை நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.